அத்தியாயம் 5: ஜப்பானிய மொழிப் பள்ளியில் முதல் நாள்

ஜப்பானின் மொழிப் பள்ளிகளில் ஏப்ரலும் அக்டோபரும்தான் பெரிய சேர்க்கைக் காலம். ஜூலையிலும் ஜனவரியிலும் மாணவர்களை எடுக்கும் பள்ளிகளும் உண்டு. எந்த மாதத்தில் போய் இறங்கினாலும் முதல் நாள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும்: நிலை அறியும் தேர்வு, ஒரு சிறு நேர்காணல், விதிமுறைகளை விளக்கும் கூட்டம், சுய அறிமுகம், பாடப்புத்தகம் வாங்குவது. சில பள்ளிகள் இதையே இரண்டு மூன்று நாளாகப் பிரித்து நடத்தும். அந்த நாளில் என்னென்ன எதிர்ப்படும், எதில் கவனம் வைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

மற்றதற்கெல்லாம் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளில் நீங்கள் கெட்டிக்காரராகத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைப் பள்ளிக்கு உள்ளபடி காட்டினால் போதும். நாம் தெரியாததை மறைத்துப் பழகியவர்கள். ஆசிரியர் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "புரிஞ்சுது சார்" என்று சொல்லும். அந்தப் பழக்கத்தோடு ஜப்பானிய வகுப்பில் போய் உட்கார்ந்தால் முதல் வாரம் நன்றாகத்தான் போகும். மூன்றாவது வாரத்தில் மூச்சு முட்டும்.

காலையில் கிளம்பும்போது

ஜப்பான் நேரம் இந்திய நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை 9 மணி வகுப்பு என்றால் உங்கள் உடம்புக்கு அது விடிகாலை 5.30. ஆகவே பள்ளி தொடங்குவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள். டிக்கெட் விலை குறைகிறது என்று முந்தின நாள் இரவு போய் இறங்குவது பெரிய தவறு. அரைத் தூக்கத்தில் எழுதும் நிலைத் தேர்வை வைத்துத்தான் அடுத்த மூன்று மாதத்துக்கான வகுப்பைத் தீர்மானிப்பார்கள்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வார நாளில், பள்ளி நேரத்திலேயே பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகப் போய்விட்டு "இருபது நிமிஷம்தான்" என்று போட்ட கணக்கு, திங்கட்கிழமைக் காலை தோக்கியோ ரயில் நெரிசலில் எடுபடாது. ஷின்ஜுக்கு மாதிரி பெரிய நிலையத்தில் ரயிலிலிருந்து இறங்கிச் சரியான வாசலைக் கண்டுபிடிக்கவே தனியாக நேரம் வேண்டும். எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்பதையும் முகவரியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

9 மணி வகுப்புக்கு 8.50க்கே நாற்காலியில் இருக்க வேண்டும். 9.05க்கு நுழைந்தால் பதிவேட்டில் தாமதம் என்று ஏறும். சில பள்ளிகளில் இப்படிச் சில தாமதங்கள் சேர்ந்தால் ஒரு நாள் விடுப்புக்குச் சமம். ரயிலே தாமதமானால் நிலையத்தில் தாமதச் சான்று என்று ஒரு சிறு சீட்டு தருவார்கள். ரயில் நிறுவனத்தின் இணையதளத்திலும் அதை எடுக்கலாம். அதைப் பள்ளியில் கொடுங்கள். வாயால் காரணம் சொல்வதற்கு அங்கே மதிப்புக் குறைவு, சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

பையில் என்ன வேண்டும்? பாஸ்போர்ட், விமான நிலையத்தில் தந்த வசிப்பிட அட்டை, நான்கு சென்டிமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில் சில புகைப்படங்கள், புத்தகத்துக்கான ரொக்கம், தண்ணீர், மதியச் சாப்பாடு. எழுத பென்சிலும் ரப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவுக்குத் தேர்வில் வேலை இல்லை. வசிப்பிட அட்டையை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மீறினால் 2 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. அட்டையையும் பாஸ்போர்ட்டையும் ஏஜெண்டிடமோ அறைத் தோழரிடமோ "பத்திரமா வச்சிருங்க" என்று கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

நிலை அறியும் தேர்வு

மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியில் என்5 தேர்ச்சியோ, 150 மணி நேரம் படித்ததற்கான சான்றோ காட்டியிருப்பீர்கள். அதைப் பார்த்துப் பள்ளி உங்களை வகுப்பில் போட்டுவிடாது. தன் கையால் ஒருமுறை அளந்து பார்த்த பிறகுதான் போடும்.

எல்லா நிலையினருக்கும் பெரும்பாலும் ஒரே தாள்தான். முதல் பக்கத்தில் ஹிராகனா, கத்தகனா என்ற இரண்டு ஜப்பானிய எழுத்து வரிசைகளும் இருக்கும். இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் 46. அடுத்து வேற்றுமை உருபை நிரப்பச் சொல்வார்கள், வினைச்சொல்லை மாற்றி எழுதச் சொல்வார்கள், கான்ஜி என்ற சீன வழி எழுத்துகளை வாசிக்கச் சொல்வார்கள், கடைசியில் ஒரு சிறு கட்டுரை கேட்பார்கள். தொடக்கநிலை மாணவர் பாதியில் நின்றுவிடுவது இயல்பு. கான்ஜிப் பகுதியைப் பக்கத்து இருக்கையில் இருக்கும் சீன மாணவர் நீங்கள் பெயர் எழுதி முடிப்பதற்குள் முடித்துவிடுவார். அவர் அந்த எழுத்துகளோடு வளர்ந்தவர். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பேச்சுப் பயிற்சி என்று வரும்போது நம் பிள்ளைகள் முந்துவதை அடிக்கடி பார்க்கலாம்.

நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் குருட்டாம்போக்கில் குறித்தாலும் நாலில் ஒன்று சரியாகிவிடும். நுழைவுத் தேர்வில் அது லாபம், இங்கே நஷ்டம். கூடுதலாகக் கிடைத்த அந்த மதிப்பெண் உங்களைத் தாங்க முடியாத வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கும். அங்கே ஆசிரியர் பேசுவது பாதிதான் பிடிபடும். வீட்டுப்பாடம் குவியும். ஒரு நாள் மட்டம் போடத் தோன்றும், பிறகு இரண்டு நாள். பல பள்ளிகள் வருகைப்பதிவு 80 விழுக்காட்டுக்குக் கீழே போனாலே எச்சரிக்கை தருகின்றன. விசா நீட்டிப்புக்குப் போகும்போது குடிவரவுத் துறை முதலில் பார்ப்பதும் வருகைப்பதிவைத்தான். முதல் நாள் தெரியாமல் குறித்த நாலைந்து விடைகள் இத்தனை தூரம் இழுத்துப் போகும். தெரியாத கேள்வியை வெறுமையாக விடுங்கள். வெறுமையும் அங்கே ஒரு பதில்தான்.

நேர்காணலும் இதே மாதிரிதான். ஆசிரியர் சிரித்த முகத்தோடு பெயர் கேட்பார், ஊர் கேட்பார், ஜப்பானுக்கு எப்போது வந்தீர்கள், நேற்று என்ன செய்தீர்கள் என்பார். பதில் வந்தால் கேள்வி ஒரு படி ஏறும். ஏன் இந்த மொழி? உங்கள் ஊருக்கும் இந்த ஊருக்கும் என்ன வேறுபாடு? இப்படி நீங்கள் முட்டி நிற்கும் வரை ஏறிக்கொண்டே போகும். நீங்கள் நின்ற இடத்தைத் தெரிந்துகொள்வதற்காகவே அவர் கேட்கிறார். ஆகவே திணறியதும் "போச்சு, கெடுத்துட்டேன்" என்று உடைந்துபோக வேண்டாம். விசா நேர்காணலுக்காக ஊரில் பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த பத்தியை மட்டும் இங்கே ஒப்பிக்காதீர்கள். ஒப்பித்தால் உங்கள் பேச்சுத் திறனை அவர் உண்மைக்கு மேலே கணக்கிட்டுவிடுவார்.

உங்கள் பெயர்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் ஏறியிருந்தால் வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆசிரியர் "சுப்பிரமணியன் சான்" என்று இரண்டு முறை கூப்பிட்டும், யாரையோ கூப்பிடுகிறார் என்று கயல்விழி என்ற மாணவி பேசாமல் உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் காலையிலேயே பெயர்ப் பட்டியலைப் பார்த்து, எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லி, "தோ யோந்தே குதசாய்" என்று சேர்த்தால் போதும். கயல்விழி என்றே கூப்பிடுங்கள் என்று ஆசிரியருக்குப் புரிந்துவிடும். பள்ளி ஆவணங்களில் பாஸ்போர்ட் பெயர்தான் இருக்கும், அதில் மாற்றம் கேட்க வேண்டாம். வகுப்பில் கூப்பிடும் பெயரை மாற்றித் தரப் பெரும்பாலான ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள்.

அடுத்தது கத்தகனா. வெளிநாட்டுப் பெயர்களை அந்த எழுத்துகளில்தான் எழுதுவார்கள். நம் ர, ல, ள, ழ நான்குக்கும் அங்கே ஒரே வரிசைதான். பாலாவும் பாராவும் எழுத்தில் ஒன்றாகிவிடுவார்கள். ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு நாம் போடும் இரட்டை எழுத்தைப் பார்த்து அலுவலகத்தில் அதை ஜகரமாக்கிவிடுவதும் உண்டு. கயல்விழியின் பெயர் "கயாருவிஜி" என்று மாணவர் அட்டையில் அச்சாகி வரும். ஆகவே எழுதிக் காட்டிவிட்டு நிறுத்தாமல், வாயால் இரண்டு முறை நிதானமாகச் சொல்லி, "கயாருவிரி" என்று காதில் விழுகிறபடி எழுதித் தரக் கேளுங்கள். ஒருமுறை முடிவுசெய்த கத்தகனாவை அதன்பிறகு மாற்றாதீர்கள். வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, பகுதிநேர வேலையின் சம்பளம் எல்லாம் அந்த எழுத்தை நம்பித்தான் ஓடும். ஒரு நெடில் கோடு கூடக் குறைய இருந்தாலும் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போகலாம்.

எழுதும்போது ஷி, ட்சு என்ற இரண்டு எழுத்துகளையும் ந், சோ என்ற இரண்டையும் கவனியுங்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஷியிலும் ந்-இலும் சிறு கோடுகள் இடப்பக்கம் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும், நீண்ட கோட்டைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். ட்சுவிலும் சோவிலும் சிறு கோடுகள் மேலே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நீண்ட கோட்டை மேலிருந்து கீழே இறக்க வேண்டும். நம் பெயர்கள் பல ன் என்ற மெய்யில் முடிவதால் இந்தக் குழப்பம் நம்மவர்களுக்கு அடிக்கடி வரும். விமானம் ஏறும் முன்பே உங்கள் பெயரை ஐம்பது முறை எழுதிப் பழகுங்கள்.

சுய அறிமுகம்

எழுந்து நின்று, லேசாகக் குனிந்து, நான்கு வரி சொல்வது அங்கே வழக்கம். "ஹஜிமேமாஷிதே. கயாருவிரி தெஸ். இந்தோ நோ தமிருநாது காரா கிமாஷிதா. யோரோஷிகு ஒனேகாய்ஷிமாஸ்." முதல் சந்திப்பு வணக்கம், பெயர், ஊர், இனி உங்கள் ஆதரவு வேண்டும் என்ற வேண்டுதல், இவ்வளவு போதும். சொந்தப் பெயரோடு "சான்" சேர்க்கக் கூடாது. அது பிறருக்குத் தரும் மரியாதை. பொழுதுபோக்கு, லட்சியம், அனிமே என்று நீட்டி மனப்பாடம் செய்துகொண்டு போனால் நடுவில் மறந்து நிற்க நேரும். கேட்பவர்களும் உங்களைப் போலவே தொடக்கநிலையினர் என்பதை மறக்க வேண்டாம்.

அதன் பிறகு வரும் கேள்விகளுக்குத் தயாராகப் போங்கள். தினமும் மசாலாக் குழம்பு சாப்பிடுவீர்களா, வீட்டில் இந்தி பேசுவீர்களா என்ற இரண்டும் நிச்சயம் வரும். யாரும் புண்படுத்துவதற்காகக் கேட்பதில்லை. "தமிருகோ ஓ ஹனாஷிமாஸ்", அதாவது தமிழ் பேசுகிறேன் என்று சொல்லுங்கள். இந்தியாவின் தெற்கே இருக்கிறது என்று சொல்லவும் கற்றுக்கொண்டு போங்கள். அங்கே உங்கள் முதல் உண்மையான உரையாடல் பெரும்பாலும் இதில்தான் தொடங்கும்.

விளக்கக் கூட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பள்ளி எல்லாவற்றையும் தாளில் அச்சடித்துத் தரும். குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வசிப்பிட அட்டையின் பின்பக்கம் அதை எழுதித் தருவார்கள். அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிடுங்கள். சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30 விழுக்காடுதான் உங்கள் கையிலிருந்து போகும். 20 வயதானவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் சேர்ந்தாக வேண்டும். வருமானம் இல்லாத மாணவர்கள் விலக்கோ ஒத்திவைப்போ கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. அந்தப் படிவத்தை அதே நாளில் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கட்டணச் சீட்டு வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119. நிலநடுக்கம் வந்தால் கூட வேண்டிய இடம் எது என்பதை வரைபடத்தில் காட்டுவார்கள். பள்ளிக்கு ஒன்று, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு ஒன்று என இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் பாஸில் மாணவர் சலுகை எல்லா மொழிப் பள்ளிக்கும் கிடையாது. உங்கள் பள்ளிக்கு உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

கூட்டத்தில் விளக்கம் முடிந்ததும் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தால் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் போடுங்கள்.

முதல் பாடம்

மாணவர் விசாவுக்குத் தகுதி தரும் பள்ளிகளில் வாரத்துக்கு 20 பாடவேளை, ஆண்டுக்கு 760 பாடவேளையாவது நடத்த வேண்டும் என்பது விதி. ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பாதி நாள்தான் வகுப்பு, ஒன்று காலை, இல்லை மதியம். அந்தப் பாதி நாளில் ஆசிரியர் வாயிலிருந்து ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழி ஏறக்குறைய வரவே வராது. ஜப்பானிய மொழியை அந்த மொழியிலேயே சொல்லிக்கொடுப்பது அங்கே நிலைபெற்ற முறை. வகுப்பில் நேபாளம், வியட்நாம், மியான்மர், சீனா, இலங்கை என்று பல நாட்டார் இருப்பதால் எல்லாருக்கும் பொதுவான இன்னொரு மொழியே இல்லை.

முதல் ஒரு மணி நேரம் இரைச்சலாகத்தான் இருக்கும். ஆசிரியர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுவார், சொல்வார், வகுப்பு திருப்பிச் சொல்லும். அடுத்த படம். அதே வாக்கியத்தில் ஒரு சொல் மட்டும் மாறும். பலகையில் இலக்கண விதி என்று எதுவும் வராது. "ரூல் என்னன்னு சொல்லிட்டா நானே போட்டுக்குவேனே" என்று கை பரபரக்கும். பொறுங்கள். வாய் பழகிய பிறகுதான் விதி வரும், அந்த வரிசையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான பள்ளிகளில் புழங்கும் "மின்னா நோ நிஹோங்கோ", 1998இல் முதலில் வந்த பாடநூல். தொடக்கநிலைக்கு இரண்டு பாகம், மொத்தம் 50 பாடம். முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும், மொழிபெயர்ப்பும் இலக்கணக் குறிப்பும் தனிப் புத்தகமாக வரும். அந்தக் குறிப்புப் புத்தகத்தை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மேசையில் இருந்தால் கண் அதிலேயே போய் நிற்கும், காது வேலை செய்யாது.

கைவசம் நான்கு வாக்கியம் இருந்தால் இந்த வகுப்பில் தாக்குப்பிடிக்கலாம். "மோ இச்சிதோ ஒனேகாய்ஷிமாஸ்" என்றால் இன்னொரு முறை சொல்லுங்கள். "யுக்குரி ஒனேகாய்ஷிமாஸ்" என்றால் மெதுவாகச் சொல்லுங்கள். ஒரு பொருளைக் காட்டி "நிஹோங்கோ தே நான் தெஸ் கா" என்றால் இதை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது. நான்காவது "வகாரிமாசென்", புரியவில்லை. இந்த நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், நம் வாயில் வராததும் அதுதான். முதல் நாளில் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் கூச்சம் போய்விடும்.

தலையையும் கவனிக்க வேண்டும். நாம் "சரி", "ஆமாம்" என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டுவோம். ஜப்பானிய ஆசிரியருக்கு அது "இல்லை" என்றோ, "சந்தேகம்" என்றோ படும். புரிந்ததா என்று கேட்பார், நீங்கள் நம் ஊர்ப் பாணியில் ஆட்டுவீர்கள், அவர் மறுபடி விளக்குவார், நீங்கள் மறுபடி ஆட்டுவீர்கள். ஆமாம் என்றால் "ஹாய்" என்று வாயால் சொல்லி மேலும் கீழுமாகத் தலையசையுங்கள். ஜப்பானியர்கள் பேசுபவர் பேச்சை முடிக்கும் முன்பே இப்படித் தலையசைத்துக்கொண்டிருப்பார்கள். "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கான அடையாளம் அது. நீங்கள் சொன்னதை ஒப்புக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனதுக்குள் ஆங்கில வாக்கியம் கட்டி அதை ஜப்பானிய மொழிக்கு மாற்றாதீர்கள். தமிழிலிருந்து போங்கள். வினை கடைசியில் வருவது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, "நேற்று வாங்கிய புத்தகம்" என்று பெயரெச்சம் முன்னால் நிற்பது, "என்று நினைக்கிறேன்" என்று முடிப்பது எல்லாம் இரண்டு மொழியிலும் ஒரே வரிசையில் வரும். சாப்பிட்டுப் பார், வாங்கி வை என்று நாம் துணைவினை சேர்ப்பதுபோலவே அவர்களும் "பார்", "வை" என்ற வினைகளையே சேர்த்துச் சொல்கிறார்கள். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று நெடுநாள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். வாக்கிய அமைப்பில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் இந்த வசதி உங்கள் வகுப்பில் பலருக்குக் கிடையாது. முதல் நாளிலிருந்தே அதைப் பயன்படுத்துங்கள்.

இடைவேளையில் யாரோடு

முதல் இடைவேளையில் கால் தானாகத் தெரிந்த முகத்தை நோக்கிப் போகும். இன்னொரு தமிழர் இருந்தால் தமிழ், இல்லையென்றால் நேபாள நண்பரோடு இந்தியோ ஆங்கிலமோ. அன்று உட்கார்ந்த இடமே ஆண்டு முழுக்க உங்கள் இடமாகிவிடும். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி 1915இல் தொடங்கிய மொழிப் பள்ளிகளில், படிக்க வந்த மொழியைத் தவிர வேறு மொழி பேசமாட்டேன் என்று மாணவர்கள் கையெழுத்திட்டுத்தான் சேருகிறார்கள். ஜப்பானியப் பள்ளிகள் பொதுவாக அப்படி எழுதி வாங்குவதில்லை. பள்ளி வாசலுக்குள் ஜப்பானிய மொழி மட்டும் என்று நீங்களே உங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ் நண்பரை ஒதுக்கச் சொல்லவில்லை. மாலையில் சேர்ந்து சமையுங்கள், மனம்விட்டுப் பேசுங்கள், அந்நிய ஊரில் அந்தத் துணை பெரிய பலம். வகுப்பில் மட்டும் தள்ளி உட்காருங்கள். பக்கத்தில் உங்கள் மொழி தெரியாத ஒருவர் இருந்தால், ரப்பர் இரவல் கேட்கக்கூட ஜப்பானிய மொழியில்தான் வாய் திறக்க வேண்டியிருக்கும்.

மதியச் சாப்பாட்டை முதல் நாள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இது கட்டாயம். மிசோ சூப், நூடுல்ஸ் சாறு, காய்கறிப் பொரியல் என்று பார்வைக்குச் சைவமாகத் தெரியும் பலவற்றிலும் மீன் சாறு கலந்திருக்கும். தோக்கியோவில் இருப்பவர்களுக்கு ஷின்-ஓகுபோவிலும் நிஷி-கசாயிலும் பருப்பும் மசாலாவும் கிடைக்கும் கடைகள் உண்டு. நிஷி-கசாயில் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். சாமான் வாங்கப் போய் வாருங்கள். மொழி படிக்க வந்த முதல் ஆண்டில் அங்கேயே குடியேறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இடைவேளையிலேயே யாராவது வேலைப் பேச்சை எடுப்பார்கள். "நைட் ஷிஃப்ட், சாப்பாட்டுத் தொழிற்சாலை, பேசவே வேண்டாம், நாளைக்கே வா" என்பார்கள். கடன் வாங்கி வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழுப்பு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் வாரத்தில் தலையாட்டிவிடாதீர்கள். உரிய அனுமதி இல்லாமல் மாணவர் வேலை செய்யக் கூடாது. அனுமதி இருந்தாலும் பள்ளி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. மீறியது தெரிந்தால் விசா நீட்டிப்பு கிடைக்காமல் போகலாம். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கும் மாணவருக்கு மொழியும் வராது, மொழி வராததால் நல்ல வேலையும் கிடைக்காது. முதல் மாதத்தை வகுப்புக்கு மட்டும் கொடுங்கள். அதற்கான செலவுப் பணத்தை ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள்.

மாலையில்

வகுப்பு முடியும்போது தலை கனக்கும். இத்தனை நேரம் புரியாத ஒலியைத் துரத்திப் பிடித்ததன் களைப்பு அது, உடம்புக்கு ஒன்றும் இல்லை. அறைக்குப் போனதும் ஊருக்கு வீடியோ கால் போடத் தோன்றும். அதற்கு முன்னால் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பொருள் வாங்குங்கள். கல்லாவில் இருப்பவர் கடகடவென்று கேட்பார்: பாயிண்ட் கார்டு இருக்கிறதா, சூடு பண்ணித் தரவா, பை வேண்டுமா? பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலையிலிருந்து காசு. "ஃபுகுரோ" என்று காதில் விழுந்தால் பையைப் பற்றிக் கேட்கிறார் என்று பொருள். வேண்டாம் என்றால் "தாய்ஜோபு தெஸ்", வேண்டும் என்றால் "ஒனேகாய்ஷிமாஸ்". வகுப்பில் ஆசிரியர் உங்களுக்காக நிதானமாகப் பேசுகிறார், கடையில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். எந்தக் கேள்வி பிடிபடவில்லையோ அதைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் குறித்து வைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள். இதைவிட நல்ல வீட்டுப்பாடத்தை எந்தப் பள்ளியும் தராது.

ஊருக்குப் பேச இரவு 9 மணி சரியான நேரம். தமிழ்நாட்டில் அப்போது மாலை 5.30. பேசிவிட்டு, கொடுத்த தாளை முடித்துவிட்டுப் படுங்கள். மறுநாள் பெரும்பாலும் சிறு சொல்வதெழுதல் இருக்கும்.

வகுப்பு உங்களுக்கு மிகக் கடினமாகவோ மிக எளிதாகவோ பட்டால் முதல் வாரத்துக்குள் பள்ளி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். அதற்குள் கேட்டால் பெரும்பாலான பள்ளிகள் மாற்றித் தரும். பாடம் ஓடத் தொடங்கிவிட்டால் அடுத்த பருவம் வரைக்கும், அதாவது மூன்று மாதம், அதே வகுப்பில்தான் உட்கார வேண்டியிருக்கும். கீழ் வகுப்புக்குப் போகக் கேட்பதில் எந்த அவமானமும் இல்லை. தயங்காமல் கேளுங்கள்.